முகம் மாறிய சிலை



கூடாரம் அடித்துத் தங்கி இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு வின்செஸ்டர் நல்ல ஊர். ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் போகும் சவுத் டவுன்ஸ் நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. நடக்கும் முன் பேராலயத்தைப் பார்த்துவிடுங்கள்.

1079-இல் கட்டத் தொடங்கியது. சதுப்பு நிலம், மரக்கட்டைகளைப் பரப்பி அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். 1900-களின் தொடக்கத்தில் சுவர்கள் சாய்ந்து விரிசல் விட்டன. அஸ்திவாரத்தைப் பலப்படுத்தத் தோண்டினால் குழி முழுக்கத் தண்ணீர். அதை இறைத்தால் கட்டடமே சரியும் அபாயம்.

1906-இல் வில்லியம் வாக்கர் என்ற மூழ்கித் தொழிலாளியை இறக்கினார்கள். கலங்கிய நீரில் கண் தெரியாது. தினமும் ஆறு மணி நேரம், கையால் தடவித் தடவியே கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடியை அடைத்தார். 25,000 மூட்டைகளுக்கும் மேல்! அப்புறம்தான் நீரை இறைத்துக் கொத்தனார்கள் செங்கல் வைத்தார்கள். 1911-இல் வேலை முடிந்தது.

வாக்கர் 1918-இல் ஸ்பானிஷ் காய்ச்சலில் இறந்தார். 1964-இல் அவருக்கென்று வைத்த சிலையில் இருந்ததோ பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸின் முகம்! சரியான சிலை வர 2001 ஆயிற்று.

திட்டம் போட்டவரும் பெரியவர்தான். ஆனால் இருட்டில் மூட்டை அடுக்கியவரின் முகத்தையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா, பிள்ளைகளே?