தூரம் ஒன்றுதான், நேரம்தான் வேறு

சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், வான்வழியில் சுமார் 10,900 கிலோமீட்டர் என்று உடனே சொல்லிவிடலாம். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால்தான், எந்த ஆண்டில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

கப்பலில் மூன்று வாரத்துக்கு மேல் பிடித்த பயணம் இது. 1933 டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸ் விமானச் சேவை லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை நீண்டது. அப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கராச்சி, கல்கத்தா, ரங்கூன் என்று இறங்கி இறங்கித்தான் வர வேண்டும். இரவில் பயணிகள் விடுதியில் தங்குவார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பாரிசிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம் வரை அவர்கள் ரயிலில்தான் போனார்கள். பிரான்சிலிருந்து பிரிட்டிஷ் விமானம் தன் எல்லைக்குள் பறந்து வர இத்தாலி இடம் கொடுக்கவில்லை.

1977 டிசம்பரில் கான்கார்ட் வந்தது. ஒலியைப்போல் இரு மடங்கு வேகம். பஹ்ரைனில் ஒரு முறை இறங்கினாலும் சுமார் 9 மணி நேரத்தில் சிங்கப்பூர் வந்துவிடலாம். ஆனால் மூன்று தடவை போய் வந்ததோடு சேவை நின்றது. அதன் அதிரொலியைக் காரணம் காட்டி, மலாக்கா நீரிணைக்கு மேல் அவ்வேகத்தில் பறக்க மலேசியா அனுமதிக்கவில்லை. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கிய சேவை, போதிய பயணிகள் இல்லாமல் 1980 நவம்பரில் முடிந்தது. இன்று எங்கும் இறங்காமல் பறந்தாலும் 13, 14 மணி நேரம் ஆகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைவிடச் சீக்கிரம் போயிருக்கிறோம்!

ஆக, நேரத்தை முடிவு செய்வது இயந்திரம் மட்டுமல்ல. கீழே இருக்கும் நாடுகளும்தான். வழி விடாத நாட்டின்மீது நமக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் திறந்திருந்த வழியே ஆபத்தான கதையும் நமக்குத் தெரியும்.

2014 ஜூலை 17ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச் 17 விமானம் கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டது. கீழே சண்டை நடந்ததால் அங்கே 32,000 அடி வரை வான்வெளி மூடப்பட்டிருந்தது. விமானம் பறந்தது 33,000 அடியில், அனுமதிக்கப்பட்ட உயரத்தில்தான். அதில் இருந்த 298 பேரும் உயிரிழந்தனர். வீடு திரும்பிக்கொண்டிருந்த நம் மலேசியர்களும் அவர்களில் உண்டு.

அடுத்த முறை நீங்கள் ஏறிய விமானம் ஒரு நாட்டைச் சுற்றிக்கொண்டு போவதை இருக்கைத் திரையில் பார்த்தால், நேரம் வீணாகிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையத்தில் நமக்காகக் காத்திருப்பவர்களுக்கு நாம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. வந்து சேர்ந்தால் போதும்.