பெண்கள் கல்லூரியில் திரைப்படக் கல்வி

நியூயார்க்கில் 1889இல் தொடங்கப்பட்ட பர்னார்ட் பெண்கள் கல்லூரியில் திரைப்படக் கல்வியும் இளங்கலைப் பாடம். கேமரா யாருடைய கண்ணாக இயங்குகிறது என்பதே இத்துறையின் ஆழமான கேள்வி. அதைப் பெண்கள் கல்லூரி முன்வரிசைக்குக் கொண்டுவர முடியும். ஹாலிவுட் படங்கள் பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாக்குகின்றன என்று திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் வாதிட்டார். அதே ஆண்டு வெளியான, இயக்குநர் ஷாந்தால் அக்கர்மானின் ‘ழான் தியெல்மான்’ படத்தில், நாயகி உருளைக்கிழங்கு உரிப்பதை கேமரா அசையாமல் நெடுநேரம் பார்க்கிறது. யாரும் கவனிக்காத வீட்டு வேலை அங்கே கதையாகிறது.

ஆண்கள் இல்லாத கல்லூரியில் பார்வை குறுகும் என்பர். பர்னார்ட் மாணவியர் ஆண்களும் படிக்கும் கொலம்பியா பல்கலைக்கழக வகுப்புகளிலும் பயில்வதால் அந்த வாதம் பொருந்தாது. தொழிற்பயிற்சி போதாது என்பதும் முழு உண்மையன்று: இங்கே ஆங்கிலமும் தத்துவமும் படித்த கிரேட்டா கெர்விக் முன்னணி இயக்குநரானார். பரந்த படிப்பு படைப்புக்கு உரமே.