உளிக்கு முன் ஒரு படம்

கல்வராயன் மலைக்குக் கிழக்கேயுள்ள கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றன. ஊரின் பெயருக்குக் காப்பு கிடைத்தது. ஆனால் தொலைவில் உள்ளவர் சிற்பியை நேரே அடைவது எப்படி?

அதற்கான வழி 1989-இல் ஜெனீவா அருகே பிறந்தது. விஞ்ஞானிகள் தகவல் பரிமாறிக்கொள்வதற்காக, செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையைத் திட்டமிட்டார். அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என 1993-இல் செர்ன் அறிவித்தது. 1995 ஆகஸ்ட் 15-இல் இந்தியப் பொதுமக்களுக்கும் இணையம் கிடைத்தது. இன்று சிறு பட்டறையும் தனக்கென வலைத்தளம் அமைக்கலாம்.

மரத்தில் உளி வைக்குமுன் சிற்பி படம் வரைந்துகொள்கிறார் அல்லவா? தளத்துக்கும் அதுவே முறை. வாங்குபவர் என்ன கேட்பார்? எந்த மரம், எத்தனை அங்குல உயரம், என்ன விலை, செய்து முடிக்க எத்தனை நாள், உடையாமல் எப்படி வந்து சேரும்? இவற்றுக்கான விடைகளை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கணினியை அதன் பிறகு திறக்கலாம்.