அவசரத்துக்கு போன் பண்ணும்போது, `எங்க இருக்கீங்க?'னு கேட்டா சரியா சொல்லத் தெரியுமா?

எதிர்வீட்டு மாடியில புகை வருது. பதறிப்போய் 101-க்கு அடிக்கிறீங்க. எதிர்முனையில கேட்கிறாங்க: "எந்த இடம்?"

சிட்லபாக்கத்துல நின்னுக்கிட்டு, "செகண்ட் மெயின் ரோடு சார்"னு சொன்னா போதுமா? 5 நகராட்சிகள், சிட்லபாக்கம் உள்ளிட்ட 5 பேரூராட்சிகளை இணைச்சு 2021-ல் உருவானது தாம்பரம் மாநகராட்சி. இதுக்குள்ள எத்தனை மெயின் ரோடு, எத்தனை காந்தி தெரு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க!

பெட்டிதான் முகவரி

கையில போன் இல்லாத காலத்திலேயே இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 1852-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தெருக்களில் தந்திக் கம்பியோடு இணைந்த தீ எச்சரிக்கைப் பெட்டிகள் வந்தன. வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் இருவரும் உருவாக்கியவை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். கைப்பிடியைச் சுத்தினா உள்ளே பல்சக்கரம் சுத்தும். அந்தப் பெட்டியின் எண் தந்தியில போகும். 52-ம் எண் பெட்டி என்றால் 5 தட்டு, சின்ன இடைவெளி, 2 தட்டு. அவ்வளவுதான், இடம் தெரிஞ்சிடும். 1872-ல் பாஸ்டனை எரித்த பெருந்தீ பற்றிய முதல் எச்சரிக்கை வந்தது அந்த 52-ம் பெட்டியிலிருந்துதான்.

நம்ம நாட்டில் கொல்கத்தாவிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படிச் சிவப்பு இரும்புப் பெட்டிகள் இருந்தன. டெலிபோன் பரவியதும் அதுக்கெல்லாம் வேலை போச்சு.

ஸ்டாப் பேரில் ஒரு வரலாறு

நம்ம ஏரியாவில் அந்த வேலையைச் செய்றது பஸ் ஸ்டாப்பும் ரயில் ஸ்டேஷனும்தான். பலகை துருப்பிடிக்கலாம், கம்பமே காணாமப் போகலாம். பேர் மட்டும் போகாது. குரோம் லெதர் தொழிற்சாலை இன்னைக்கு இல்லை, குரோம்பேட்டை இருக்கு. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பேர் மாறிடுச்சு. ஆனா நாம இன்னும் 'சானடோரியம்'னுதான் இறங்குறோம். 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி-யின் வாசல், 'எம்.ஐ.டி கேட்' ஸ்டாப். ஊருக்குள்ள யாரைக் கேட்டாலும் வழி சொல்வாங்க.

இனி இப்படிச் சொல்லுங்க

* முதலில் ஊர், அடுத்து பக்கத்து பஸ் ஸ்டாப் அல்லது ஸ்டேஷன், அப்புறம் தெரு. இந்த வரிசை முக்கியம்.

* மின்கம்பத்தில் எண் எழுதியிருந்தா, அதையும் சொல்லுங்க.

* ஹைவேஸில் இருந்தா, கிலோமீட்டர் கல்லைப் பாருங்க. தலையில் மஞ்சள் இருந்தா தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தா மாநில நெடுஞ்சாலை. அதில் இருக்கும் கி.மீ எண்ணையும் எந்தப் பக்கம் போயிட்டிருந்தீங்கன்னும் சொல்லுங்க. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033.

* 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ். எது மறந்தாலும் 112 போதும்.

'கூகுள் மேப் இருக்கே'ன்னு நினைக்கலாம். போன் உங்க கையில இருக்கும்போது சரி. வீட்டில் தனியா இருக்கிற பாட்டியிடம் இருப்பது பட்டன் போன்னா?

இன்னைக்கு டீ குடிக்கப் போகும்போது, உங்க வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஸ்டாப், எந்தக் கம்பம்னு பார்த்து வைங்க. அதை ஒரு பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி, போனுக்குப் பக்கத்துல ஒட்டிடுங்க. அந்தப் பேப்பர்தான் உங்க வீட்டோட தீ எச்சரிக்கைப் பெட்டி!