குழந்தைகளின் மூளைக்கட்டியும் கதிர்வீச்சு சிகிச்சையும்: ஒரு வரலாறு

குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வரும் மூளைக்கட்டிகள் பலவற்றுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுகிறது. கட்டியை அழிக்கும் கதிர், அருகிலுள்ள நல்ல மூளைத் திசுவையும் பாதிக்கும். வளரும் மூளை என்பதால் அந்தப் பாதிப்பு சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து நினைவாற்றல் குறைவாகவும், படிப்பில் பின்னடைவாகவும், உடல் வளர்ச்சிக் குறையாகவும் வெளிப்படலாம். உயிரைக் காப்பது, வளர்ச்சியைக் காப்பது ஆகிய இரண்டையும் இணைக்கும் முயற்சியே இச்சிகிச்சையின் வரலாறு.

தொடக்கக் காலம்

சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா ஒரு காலத்தில் உயிர் பிழைக்க வழியில்லாத நோயாக இருந்தது. மூளை முழுவதற்கும் தண்டுவடத்துக்கும் கதிர் கொடுத்தால் குழந்தைகள் பிழைக்க முடியும் என்பதை 1953இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த பேட்டர்சன், ஃபார் ஆகியோர் காட்டினர். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களின் பிற்பகுதியில் கோபால்ட்-60 கருவி வந்தது. அக்காலக் கருவிகள் அகன்ற பரப்பில் கதிரைச் செலுத்தின. கட்டியின் வடிவத்துக்கேற்ப அதைக் குறுக்க வழியில்லை.

அளவும் இலக்கும்

பின்னர், பரவல் ஆபத்து குறைந்த மெடுல்லோபிளாஸ்டோமாவில், மருந்து சிகிச்சையின் துணையோடு மூளை, தண்டுவடத்துக்கான கதிர் அளவு 36 கிரேயிலிருந்து 23.4 கிரேயாகக் குறைக்கப்பட்டது. 3 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 18 கிரேயாக மேலும் குறைத்த அமெரிக்க ஆய்வில் நோய் திரும்புவது அதிகரித்தது. குறைத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது அதனால் தெரிந்தது.

அளவைக் குறைக்காமல் பரப்பை மட்டும் குறுக்கினால் என்ன ஆகும்? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ராகேஷ் ஜலாலி தலைமையிலான குழு இதற்கு விடை தேடியது. தீவிரம் குறைந்த கட்டிகள் கொண்ட, 3 முதல் 25 வயதுக்குட்பட்ட 200 பேரை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் 54 கிரே கதிரை 30 தவணைகளில் கொடுத்தனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை, மற்றொன்றுக்குக் கட்டியின் வடிவத்தை ஒட்டிய துல்லிய முறை. 2017இல் வெளியான முடிவின்படி, உயிர் பிழைப்பதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. துல்லிய முறையில் அறிவுத்திறன் மேம்பட்டுக் காணப்பட்டது. ஹார்மோன் குறைபாடும் குறைந்தது.

2019இல் சென்னை தரமணியில் புரோட்டான் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடுவதால் கட்டிக்கு அப்பாலுள்ள பகுதி பெரிதும் தப்புகிறது.

தொலைவு என்னும் தடை

வாரத்துக்கு 5 நாள் வீதம் 30 தவணை என்றால் 6 வாரம். கடலூர், சிதம்பரம் பகுதிக் குடும்பம் ஒன்று புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ சென்றால் அத்தனை நாளும் கூலி வேலையும், மற்ற பிள்ளைகளின் பள்ளியும் தடைபடும். அசையாமல் படுக்க முடியாத சிறு குழந்தைக்கு ஒவ்வொரு தவணையிலும் மயக்க மருந்தும் தேவைப்படலாம். தவணைகள் விடுபட்டால் துல்லியத்தின் பலன் குறையும். எனவே தங்குமிடம், பயணச் செலவு, பள்ளிக்குத் திரும்ப உதவி ஆகியவையும் இச்சிகிச்சையின் பகுதிகளே.