எக்ஸ்பிக்குள் மாட்டிக்கொண்ட சம்பளப் பதிவேடு

போன மாதம் ஆம்பூரிலிருந்து பழைய மாணவர் ஒருவர் வந்தார். அங்கே ஒரு டேனரியில் கணக்கு எழுதுகிறார். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க். "சார், 1998-லேருந்து சம்பளப் பதிவேடு எல்லாம் இதுலதான் இருக்கு. கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்றார்.

அந்த டேனரியில் டிரம் ஓட்டிய பெரியவர் ஒருவருக்குப் பிஎஃப் கணக்கில் சில வருடங்கள் விடுபட்டிருக்கின்றன. பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் மாதப் பென்ஷன். அவரிடம் சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. இருக்கிற ஒரே சாட்சி இந்த டிஸ்க்.

டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக நகல் எடுத்து, என் விண்டோஸ் 10 கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். கணினிக்குள் ஒரு பொய்க் கணினி; அதற்குள் பழைய எக்ஸ்பி. நான் வரலாற்று வாத்தியார், கம்ப்யூட்டர் வாத்தியார் அல்ல. ஆனால் வந்த ஒவ்வொரு பிழைக்குப் பின்னாலும் ஓர் ஆண்டு இருந்தது.

முதல் பிழை: விடி-எக்ஸ் பயாஸில் அணைக்கப்பட்டுள்ளது. இதன் கதை நீளம். ஒரே கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தையை ஐபிஎம் 1967-லேயே செய்துவிட்டது; 1972-இல் விஎம்/370 என்று விற்கவும் தொடங்கியது. அதற்கான இலக்கணத்தை போபெக், கோல்ட்பெர்க் இருவரும் 1974-இல் எழுதினார்கள். உள்ளே இருக்கும் பொய்க் கணினி அதிகாரம் செலுத்த முயன்றால் வெளியே இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். வகுப்புத் தலைவன் தலைமை ஆசிரியர் கையெழுத்தைப் போட்டால் ஆபீஸில் பிடிபட வேண்டும் அல்லவா? நம் வீட்டு மேசைக்கு வந்த பென்டியம் சில்லில் 17 கட்டளைகள் பிடிபடாமல் நழுவின என்று 2000-இல் ஓர் ஆய்வு சொன்னது. விஎம்வேர் 1999-லேயே அவற்றை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005-இல்தான் இன்டெல் சில்லிலேயே வழி செய்தது. அதுதான் விடி-எக்ஸ். பல கணினிகள் அதை அணைத்தே வைத்து விற்பனைக்கு வருகின்றன! பயாஸில் 'எனேபிள்' செய்து, சேமித்து, கணினியை முழுதாக அணைத்துப் போட்டேன். போனது.

அடுத்தது நீலத் திரை, 7பி என்ற எண். எக்ஸ்பி 2001-இல் பிறந்தது. ஏஹெச்சிஐ என்ற டிஸ்க் முறை 2004-இல் வந்தது. பிறக்காத தம்பியை அண்ணனுக்கு எப்படித் தெரியும்? சாட்டாவில் மாட்டியிருந்த டிஸ்க்கை ஐடிஇ-க்கு மாற்றினேன்.

எக்ஸ்பி திறந்தது, ஆனால் ஆமை வேகம். ஓரத்தில் நிஜமாகவே ஒரு பச்சை ஆமைப் படம்! விண்டோஸ் 10-இன் ஹைப்பர்-வி விடி-எக்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் அந்த ஆமையைக் காட்டும். ஹைப்பர்-வியை நிறுத்தினேன்.

பதிவேடு வந்தது. பெயர்கள் தமிழில், அழகாக. நகலெடுத்து என் கணினியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஒரே குப்பை. நம்மூர்ப் பிழை இது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியீடுகள் வகுத்தார்கள். 2010-இல் அரசு யூனிகோடுக்கு வந்தது. இந்த மென்பொருளை எழுதியவர் 1998-இல் எதையோ போட்டிருக்கிறார். எக்ஸ்பியின் எழுத்துருக் கோப்புறையில் அந்த எழுத்துரு இருந்தது. அதை என் கணினியில் ஏற்றியதும் ஒட்டிய குப்பை தமிழானது. மாணவருக்கு எரிச்சல்: "படமா எடுத்துட்டா போதாதா சார்?" போதாது. பெயரைத் தேட வேண்டாமா?

இரவு பத்தரைக்குப் பெரியவர் பெயர் கிடைத்தது. 1998 ஏப்ரல் முதல் 2002 அக்டோபர் வரை 55 மாதம், மாதாமாதம் பிஎஃப் பிடித்தம் வரி வரியாக. அச்செடுத்து, முதலாளி முத்திரையோடு கொடுத்தாகிவிட்டது.

நேற்று மாணவர் போன் செய்தார். பதிவேட்டில் முகவரி வேலூர் மாவட்டம். 2019-க்குப் பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். "ஆதார்ல ஒண்ணு, இதுல ஒண்ணா இருக்குன்னு கேக்குறாங்க. என்ன சார் பண்றது?"

மாவட்டம் பிரித்த அரசாணையின் நகலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.