மெழுகும் ஒளியும்: நிழற்படக் கலையில் தற்செயலின் பங்கு

சுவாமிமலைச் சிற்பக்கூடங்களின் வழியே நடந்தவர் எவரும் மெழுகின் மணத்தை அறிவர். ஸ்தபதி மெழுகில் உருவம் சமைக்கிறார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார். சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகம் நிறைகிறது. அச்சை உடைக்கும் வரை உள்ளே நிகழ்ந்தது இன்னதென வார்த்தவரும் காண இயலாது. கைத்திறன் தன் பணியை முடித்துக்கொண்டு கண்காணாத ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைக்கும் அந்த இடைவேளை நம் வட்டத்துக் கவிஞர்களுக்குப் புதியதன்று. "இந்த வரி தானாக வந்தது" என்று இப்பத்தாண்டுகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! தானாக வந்ததில் நம் பங்கு எவ்வளவு?

இவ்வினாவுக்கு நிழற்படக் கலையின் வரலாறு ஒரு விடை தருகிறது. உள்ளதை உள்ளவாறே காட்டும் இயந்திரக் கலை என்று கருதப்பட்ட அதில்தான் தற்செயல் தன் கையைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காகித நெகட்டிவ் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காகிதத்தின் இழைகள் படத்திலும் பதிந்தன. கோடுகள் மென்மையுற்று, நிழல்கள் கரித்தூளால் தீட்டியவை போலத் திரண்டன. எவரும் திட்டமிடாத இக்குறையே அப்படங்களுக்கு ஓவியச் சாயலை அளித்தது. 1844இல் வெளிவரத் தொடங்கிய 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில் டால்பட் மற்றொன்றையும் குறித்தார்: படம் எடுக்கையில் தாம் அறியாதிருந்த பல பொருள்களை, சுவரில் பொறித்த எழுத்துகளைக்கூட, நிழற்படக்காரர் பின்னரே கண்டுகொள்கிறார் என்பதே அது. கருவி கண்டதும் கலைஞன் கண்டதும் ஒன்றல்ல என்னும் உண்மை கலையின் தொடக்கத்திலேயே உணரப்பட்டுவிட்டது.

இக்கலை நம் காவிரிக் கரைக்கு வந்த கதை இன்னும் சுவையானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1856இல் சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1857 டிசம்பரில் தொடங்கிய நெடும்பயணத்தில் அவர் திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களோடு தஞ்சையையும் திருவையாற்றையும் படமெடுத்தார். பெரிய காட்சிகளுக்கு அவர் பெரிதும் கையாண்டது மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ். ஒளி ஊடுருவிச் செல்வதற்காகக் காகிதத்தில் மெழுகேற்றும் இம்முறையை 1851இல் வெளியிட்டவர் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே. ஆக, நம் ஸ்தபதிகளின் மெழுகும் டிரைப்பின் மெழுகும் ஒரே வேலையைச் செய்தன: உருவத்தைச் சற்றுக் காலம் தாங்கி, வேறொன்றுக்குக் கையளித்தன.

டிரைப்புக்கு இடப்பட்ட பணி ஆவணப்படுத்தல். ஓவியம் தீட்டுமாறு அவரை எவரும் பணிக்கவில்லை. ஆயினும் காகித நெகட்டிவுக்கு நிமிடக் கணக்கில் ஒளி தேவைப்பட்டது. அதற்குள் காற்று வீசினால் இலைகள் கலங்கிப் பச்சிலைப் புகையாயின. நடந்து சென்றவர் சுவடின்றி மறைந்தனர். அக்காலத்து இரசாயனங்கள் நீலத்தை மிகையாக உணர்ந்ததால் வானம் வெறுமையாய் வெளுத்தது. அவ்வெறுமையை டிரைப் பொறுத்துக்கொள்ளவில்லை. தூரிகை எடுத்து நெகட்டிவின்மேல் வண்ணம் பூசி மேகங்களை உண்டாக்கினார். தற்செயல் தந்த குறையைத் திருத்தப் புகுந்த கை, தன்னையறியாமல் ஓவியனின் கையாயிற்று. இன்று அப்படங்களைக் காண்போர் வியப்பது காற்றின் கலக்கத்தையும் மேகத்தின் பூச்சையும்தான். ஒன்று அவர் நினையாதது. மற்றொன்று அவர் மறைக்க விரும்பியது.

அவருடைய படைப்புகளுள் தலையாயது 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்த தொடர்படம். கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக்கினார். இராசராசனின் கொடைகளைக் கூறும் இக்கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் 1891 முதல் நூலாக வெளியிடுமுன்னரே, ஒளி அவற்றைப் படியெடுத்துவிட்டது. நாம் அதைப் படிப்போம். தமிழறியாதவர்க்கோ அது கோடுகளும் நிழல்களும் நிறைந்த அரூப ஓவியமாகத் தோன்றக்கூடும். ஒரே படம் ஒருவர்க்கு ஆவணம், மற்றவர்க்கு ஓவியம். பார்ப்பவரின் அறிவும் அறியாமையும்கூடத் தற்செயலின் கருவிகளே. 1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன் செலவு மிகுதி என்று டிரைப்பின் பணியை நிறுத்தினார். எஞ்சியவற்றை உலகம் கொண்டாடியது மிகப் பிற்காலத்தில். 2014–15இல் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் அருங்காட்சியகங்களில் அவர் படங்கள் வைக்கப்பெற்றன.

டிரைப் குறையெனக் கருதியதைப் பிறர் முறையெனக் கொண்டனர். சுவீடன் நாடகாசிரியர் ஸ்டிரிண்ட்பெர்க் கருவியோ வில்லையோ இன்றி இரவு வானை நோக்கித் தட்டுகளை வைத்தார். பதிந்தவை விண்மீன்கள் என நம்பினார். அவை பெரும்பாலும் தூசும் இரசாயனப் புள்ளிகளுமே. எனினும் 1894இல் கலையாக்கத்தில் தற்செயலின் பங்கு குறித்து ஒரு கட்டுரை வரைந்தார். பாரிசில் மான் ரே 1920களின் தொடக்கத்தில், ஒளி படாத தாள் ஒன்று தவறுதலாகக் கரைசலில் விழுந்ததாகவும், அதன்மேல் பொருள்களை வைத்து விளக்கை ஏற்றியபோது அவற்றின் நிழலுருவங்கள் எழுந்ததாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் டால்பட் 1830களிலேயே இலைகளைத் தாளில் வைத்து ஒளி காட்டியவர். அதே தற்செயல் பலர் கதவைத் தட்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் அதற்குக் கொடுத்த வரவேற்பே வேறு.

என் பிழை ஒன்றையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். படச்சுருள் இருந்த நாளில், ஐப்பசி அடைமழையில் ஈரம் பாய்ந்த சுருளொன்றைக் கழுவினேன். ஒரே ஒரு படத்தில் காவிரிப் படித்துறையும் நீரும் குளிப்பவரும் ஒன்றோடொன்று கரைந்து ஓவியமாகியிருந்தன. நானே திட்டமிட்டதாகச் சொல்லி மூத்த கவிஞர் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, இதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்றார். நான் விடை கூறவில்லை. "முடியாது என்பதால் உன்னுடையதல்ல என்று சொல்லவரவில்லை. முப்பத்தாறில் முப்பத்தைந்தை எறிந்துவிட்டு இதை மட்டும் ஏன் வைத்துக்கொண்டாய்? அதைச் சொல், அதுதான் உன் பங்கு" என்றார்.

அன்று நாணினேன். இன்று அவ்வினாவையே இக்கட்டுரையின் விடையாக வைக்கிறேன். தற்செயல் தருவது ஒருமுறை. கொள்வதும் தள்ளுவதும் நம் செயல். வந்ததை முழுதும் நம் திறமையென்று உரிமை கொண்டாடுதல் பொய். எல்லாம் தானாக வந்ததென்று ஒதுங்குதல் சோம்பல்.

சுவாமிமலை ஸ்தபதி அச்சை உடைத்ததும் கைகூப்பி நின்றுவிடுவதில்லை. உலோகம் சரிவர நிறையாதிருந்தால் மீண்டும் உருக்குகிறார். நிறைந்திருந்தால் உளியை எடுக்கிறார். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், தானாக வந்த வரிகளின்மேல் வைக்க வேண்டியதும் அந்த உளியைத்தான்.